திரும்பியிருந்த செருப்புகள்

உட்துறைமுக வீதியில் இருக்கும் உளவளத்துணையாளர் பஸ்மியாவின் அறைக்குள் செருப்போடு போவதில்லை. முதல் நாள் கிறேஸும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் போய்க் கதிரை நுனியில் உட்கார்ந்தாள்.

"இஞ்ச கதைக்கிறது வெளிய போகாது அக்கா. அழலாம், கதைக்காமலும் இருக்கலாம். முதல் கொஞ்ச நாள் இன்னும் நோகும். பிறகு மெல்ல மெல்லக் குறையும்," என்றாள் பஸ்மியா.

கடலில் இறந்துபோன கணவன் அஞ்சலோவின் பெயரைக்கூட கிறேஸால் அன்று சொல்ல முடியவில்லை. அழுதுவிட்டு எழுந்தாள்.

வெளியே வந்தபோது அவளுடைய செருப்புகள் வீதியைப் பார்த்துத் திரும்பியிருந்தன. விறாந்தையில் யாரும் இல்லை. ஞாயிறுகளில் தேவாலயத்தில் பூசை முடிந்ததும் அஞ்சலோதான் முந்திக்கொண்டு வெளியே போய், அவள் கால் நுழைக்கத் தோதாக இப்படித் திருப்பி வைப்பான்.

அடுத்த வாரமும் திரும்பியிருந்தன. அதற்கடுத்த வாரமும். எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கிய கிறேஸ் இதை மட்டும் பஸ்மியாவிடம் சொல்லவில்லை.

மாரி முடிந்த ஒரு புதன்கிழமை, அஞ்சலோ மீன் பொரிக்கப் போய்க் குசினிச் சுவரைக் கரியாக்கியதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பாத்தீங்களா அக்கா, இப்ப அவரை நினைச்சுச் சிரிக்க ஏலுது."

"ஓம் மிஸ்," என்றாள் கிறேஸ்.

வெளியே செருப்புகள் அவள் கழற்றியபடியே, அறையைப் பார்த்துக் கிடந்தன.

அவள் அவற்றைப் போடவில்லை. திரும்பிக் கதவைத் தட்டினாள்.

"மிஸ், நான் இன்னும் கொஞ்சம் இருந்து அழட்டா?"