ஸ்டூரேயின் பச்சைப் பொத்தான்

"வந்த நாளா என் ஆளுங்களோட காப்பியும் இலவங்கப்பட்டை பன்னும்தான். மென்பொருள் எங்கம்மா?" என்று சீறினார் ஸ்டூரே. ஸ்வீடனின் போரோஸ் நகரில் ஜன்னல் செய்து விற்கிற முதலாளி. வியாபாரம் வளர வளர ஆர்டர்கள் தாமதமாகி, வாடிக்கையாளர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"வேலை எப்படி நடக்குதுன்னு முதல்ல பார்க்கணும், படமா வரையணும், ஆளுங்ககிட்ட காட்டணும். நிரல் எழுதறது கடைசிலதான்" என்றாள், ஆர்டர்களைக் கவனிக்க மென்பொருள் எழுத வந்திருந்த லின்னேயா.

"பெரிய முறை! அவனுங்களுக்கு என்ன தெரியும்? என் அனுமதி இல்லாம எந்த ஆர்டரும் நகரக் கூடாது. பெரிசா ஒரு பச்சைப் பொத்தான் வை, போதும்."

வைத்தாள்.

வசந்தத்தில் ஆர்டர்கள் எல்லாம் சொன்ன தேதிக்குப் போய்ச் சேர்ந்தன. ஸ்டூரே பொத்தானை அழுத்தி அழுத்திப் பூரித்தார். "உன் படமெல்லாம் குப்பை. கம்பெனியைக் காப்பாத்துனது என் பொத்தான்!"

"சந்தேகமே இல்லைங்க."

வாசலில் கிடங்குப் பொறுப்பாளர் மாலின் லின்னேயாவிடம் கிசுகிசுத்தாள். "கண்டுபிடிச்சிட மாட்டாரே?"

"மாட்டார். படத்துல எல்லா ஆர்டரும் அவர் மேசையிலதானே தேங்கி நின்னுச்சு? இப்போ அவர் அழுத்தறதுக்கு முன்னாடியே லாரி கிளம்பிடும். பொத்தான் சும்மா எரியும், அவ்வளவுதான்."

மாலின் யோசித்தாள். "பாவம். கூடவே ஒரு மணிச் சத்தமும் வெச்சுக் குடேன்."