மூச்சுச் சோதனை

திருத்தணியில் ரயிலேறியதிலிருந்தே வேதாசலத்துக்கு மூச்சிரைத்தது. பட்டாளத்தில் பனிமலைக் காவலில் இருந்தபோது கெட்டுப்போன நுரையீரல்.

"இன்ஹேலர் அடிச்சிக்கயேன்யா," என்று மனைவி தாயாரம்மாள் கெஞ்சினாள். அவர் வேண்டாமென்று தலையாட்டிக்கொண்டே வந்தார்.

சென்னையில் பட்டாள ஆஸ்பத்திரி வாசலில், உதடு நீலம் பாய்ந்து சரிந்தார். அவள் பதறிப்போய் இன்ஹேலரை அவர் வாயில் வைத்து அழுத்தினாள்; மூச்சு சீரானது.

உள்ளே கருவியில் ஊதச் சொன்ன டாக்டர் அசந்துபோனார்.

"பரவாயில்லையே, நல்லா ஊதறீங்க!"

"தணிகை முருகா!" என்று கைகூப்பினாள் தாயாரம்மாள்.

வெளியே வந்ததும் வேதாசலம் குலுங்கி அழுதார்.

"நல்லாகீறன்னுதானே சொன்னாரு? ஏன்யா அழுதுகினு கீற?"

"நாம வந்தது வைத்தியத்துக்கு இல்ல, தாயாரு. ஊனப் பென்ஷனுக்கு நான் போட்ட கடைசி அப்பீலு இது. ஊத முடியாம திணறினாதான் குடுப்பாங்க. உனக்கு வீணா ஆச காட்ட வேணாம்னுதான் சொல்லாம இட்டாந்தேன்."