இல்லை என்று சொல்லாத கடை

சந்துக்குள் வரிசையாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பார்த்ததுமே ஆன்றோ அப்படியே நின்றான். ஆண்கள் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளேயிருந்து பெண்களின் அழுகைச் சத்தம் வந்தது.

"செங்கொடி வூடா? அதோ, கும்பலா நிக்கிறாங்கோ பாரு, அங்கதான் சார்" என்று எஸ்.டி.டி. பூத்காரர் இப்போதுதான் கை காட்டி அனுப்பியிருந்தார்.

மேளச் சத்தம் இல்லை. பச்சைக் குழந்தையின் சாவுக்கு மேளம் ஏது? கையிலிருந்த பையை, உள்ளே இருந்த டப்பாவோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டான்.

முந்தாநாள் சாயங்காலம்தான் செங்கொடி டோல்கேட் பஸ் ஸ்டாப் பக்கத்தில் இருக்கும் அவனுடைய மெடிக்கல் ஷாப்புக்கு வந்தாள். தோளில் கைக்குழந்தை, வாடிப்போன கீரைக்கட்டு மாதிரி கிடந்தது.

"கொயந்தைக்கு வயித்தால போய்க்கினே கீதுண்ணா. ஓ.ஆர்.எஸ். தண்ணி குடுத்துக்கினுதான் கீறேன். புட்டிப்பால் குட்ச்சா ஒடனே பீச்சிடுது. லாக்டோஸ் இல்லாத பவுடரத்தான் கரைச்சிக் குடுக்கணும், இந்தச் சமயத்துல வேற பவுடர் வாணாம்னு டாக்டரம்மா எய்திக் குடுத்தாங்க."

அந்தப் பவுடர் கடையில் தீர்ந்துபோயிருந்தது. 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் நாசரேத்திலிருந்து வந்து கடை வைத்த அவன் அப்பா தேவப்பிரியத்துக்கு அந்த வார்த்தையே ஆகாது. கேட்டது இல்லாவிட்டால் அதைப் போல் ஒன்றை எடுத்துக் கொடு, வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாதே என்று சொல்லிச் சொல்லித்தான் மகனை வளர்த்தார். சோப்புக்கும் பேஸ்ட்டுக்கும் அது சரி. ஆன்றோவோ குழந்தையின் வயிற்றுக்கும் அதையே செய்தான்.

"இதும் அதே மாதிரிதாம்மா. கம்பெனிதான் வேற" என்று சாதாரணப் பால் பவுடர் டப்பா ஒன்றை எடுத்து நீட்டினான்.

அவள் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மருந்துச் சீட்டையும் ஒரு தடவை பார்த்தாள். காசைக் கொடுத்து, டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு திருவொற்றியூர் பஸ் பிடிக்கப் போய்விட்டாள்.

அன்று ராத்திரி ஆன்றோவுக்குச் சோறு இறங்கவில்லை. படுத்தால் அந்தக் குழந்தையின் குழிவிழுந்த கண்தான் முன்னால் வந்து நின்றது. இன்று சரக்கு வந்ததுமே கேட்ட டப்பாவை எடுத்துக்கொண்டு, கடையை மனைவி ஷெர்லினிடம் விட்டுவிட்டு, சீட்டில் படித்த அவள் பெயரையும் தெருப் பெயரையும் ஞாபகத்தில் வைத்து ஓடிவந்திருந்தான். வந்து என்ன? எல்லாம் முடிந்துவிட்டது.

"குந்து சார்" என்று யாரோ ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, கையில் டீ கிளாஸைத் திணித்தார்.

துக்கத்துக்கு வந்த இடத்தில் எப்படி மறுப்பது? ஒரு வாய் குடித்தான். டீயில் பால் பவுடர் வாடை அடித்தது. அந்தக் குழந்தையின் வாயில் அடித்திருக்கும் அதே வாடை. பாவி, இனி நீ எதைக் குடித்தாலும் இப்படித்தான் இருக்கும் என்று தன்னைத் தானே சபித்துக்கொண்டு, தண்டனை மாதிரி மீதியையும் குடித்து முடித்தான்.

அப்போதுதான் கும்பலை விலக்கிக்கொண்டு செங்கொடி வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. தலைமுடி கலைந்து கிடந்தது. குழந்தை கிடந்த அந்தத் தோள் காலியாக இருந்தது.

ஆன்றோவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"தங்கச்சி, அன்னைக்கு நான் குடுத்தது நீ கேட்ட பவுடர் இல்லம்மா! சாதாரணப் பவுடர். தெரிஞ்சேதான் குடுத்தேன். இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரல. பிள்ளையக் கொன்னுட்டேன். என்னைச் செருப்பால அடி, போலீஸ்ல பிடிச்சுக் குடு..."

நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். செங்கொடி பதறிப்போய் வாயில் விரலை வைத்தாள்.

"இன்னாண்ணா நீ, மெதுவா பேசு. கொயந்த இப்பதான் தூங்குது."

"தூங்குதா?" ஆன்றோ நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்தான். "அப்ப... இங்க யாரு?"

"பக்கத்து வூட்டு கிருஷ்ணப்பன் தாத்தா பூட்டாருண்ணா. மேளக்காரங்க இன்னும் வந்து சேரல."

ஆன்றோ பையைத் திறந்து, கொண்டுவந்த டப்பாவைக் காட்டினான்.

"சீட்டுல ஒரு பேரு, டப்பால ஒரு பேரு. அங்கியே பார்த்துட்டேன். அண்ணன் ஆசையா எடுத்துக் குடுக்குறப்போ வாணாம்னு சொல்ல எனக்கும் வாய் வரல. எங்க வூட்டுக்காரு அன்னிக்கே ராயபுரத்துக்குப் போயி டாக்டரம்மா சொன்னத வாங்கியாந்துட்டாரு. இப்ப வயித்தால போறதும் நின்னுட்ச்சி."

"அப்ப, நான் குடுத்த டப்பா?"

செங்கொடி அவன் கையிலிருந்த காலி கிளாஸை வாங்கிக்கொண்டாள்.

"சாவு வூட்ல அடுப்பு மூட்டக் கூடாது இல்ல? இங்க எல்லாருக்கும் நான்தான் டீ போட்டேன். நீ குட்ச்சியே, அதுலதாண்ணா."