எனக்குக்கூடச் சொல்லாதீங்க

“கார்டு நம்பரை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. எங்கே, திருப்பிச் சொல்லு பார்ப்போம்?”

போனில் அம்மா சிரித்தாள். “பள்ளிக்கூடத்துப் பிள்ளையாடா நான்?”

“விளையாட்டு இல்லம்மா. இலவசமா செக்கப் பண்றோம்பான். இன்னைக்கே கடைசி நாள்னு அவசரப்படுத்துவான். கொஞ்சுவான், கெஞ்சுவான். எவனா இருந்தாலும் போனை வெச்சிடு. சந்தேகம்னா கார்டுக்குப் பின்னாடி ஒரு நம்பர் இருக்கு பாரு, அதுக்கு நீயே பேசிப் புகார் பண்ணிடு.”

“சரிடா வாத்தியாரே. ஊருக்கெல்லாம் பாடம் எடு. உன் கல்யாணப் பேச்சை எடுத்தா மட்டும் போனை வெச்சிடு.”

அவன் வைத்துவிட்டான்.

அம்மாவுக்கு வரும் திங்கட்கிழமை இடுப்பு ஆபரேஷன். குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து, வாக்கரைத் தள்ளிக்கொண்டுதான் கட்டிலுக்கும் சமையலறைக்கும் நடக்கிறாள். நடந்துகொண்டே பேசினால் அதன் ‘டக் டக்’ சத்தம் போனிலும் கேட்கும்.

இனியும் தள்ளிப்போட்டால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மொத்தச் செலவும் மருத்துவக் காப்பீட்டு அட்டையில்தான் நடக்க வேண்டும். அதுவும் ஒரு வருஷத்துக்கு ஒரு பெரிய ஆபரேஷனுக்குத்தான் தாங்கும். அட்டை இல்லையென்றால் ஆபரேஷனும் இல்லை.

அம்மா வேடிக்கைக்குச் சொன்னாலும், அலுவலகத்திலும் அவனுக்கு வாத்தியார் என்றுதான் பெயர். அலுவலகம் என்றால் நாலு மேசை போட்ட நீளமான அறை, மூலையில் மாடிக்கு ஒரு படி. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. நாள் முழுக்க வயதானவர்களிடம் காப்பீட்டைப் பற்றிப் பேசுவது வேலை. புதிதாக வருகிறவர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுப்பது அவன் பொறுப்பு.

“என் பையன் பெரியவங்களுக்கு உதவி பண்ற ஆபீஸ்ல இருக்கான்” என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவாள்.

அன்றைக்கு ஒரு புதுப் பெண் சேர்ந்திருந்தாள். காதில் மாட்டிய ஹெட்போன் கோணலாக நின்றது.

“சார், வாய் உலருது.”

“முதல் நாள் அப்படித்தான். தண்ணியைக் குடி. என்ன சொல்லி ஆரம்பிப்பே?”

“உங்களுக்கு இலவச செக்கப்…”

“அடிப்பாவி! இலவசம்னு சொன்னா அடுத்த நொடி போனை வெச்சிடுவாங்க. பெரியவங்க இப்பல்லாம் ரொம்ப உஷார். முதல்ல மோசடி நடக்குதுன்னு எச்சரிக்கை பண்ணு. நம்பரை யாருக்கும் சொல்லாதீங்கன்னு சொல்லு. அப்புறம் ஒரு மூச்சு விட்டு, ‘எனக்குக்கூடச் சொல்லாதீங்க’ன்னு சொல்லு.”

அந்தக் கடைசி வரி அவனுடைய சொந்தச் சரக்கு. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கம்ப்யூட்டர் தானாகவே ஏதோ ஓர் எண்ணை அழைத்தது. எதிர்முனையில் பேசுவது அவள் காதுக்கு மட்டும்தான் கேட்டது.

“வணக்கம்மா, இன்சூரன்ஸ் மோசடித் தடுப்புப் பிரிவுல இருந்து பேசறேன்…” முதலில் நாக்கு தந்தியடித்தது. போகப்போகச் சரியாகிவிட்டது. “ஐயோ, எனக்குக்கூடச் சொல்லாதீங்கம்மா” என்ற இடத்தில் குரல் அப்படியே குழைந்தது. அவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

பிறகு அவள் ‘ம்’ கொட்டிக்கொண்டே இருந்தாள். நடுவில் வெட்கத்தோடு, “இல்லம்மா, இன்னும் ஆகல” என்று சிரித்தாள். கல்யாணம் ஆயிற்றா என்று கேட்காமல் எந்தப் பெரியம்மா போனை வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

போனை வைத்ததும் அவள் ஒரு துண்டுச் சீட்டோடு மாடிப்படி ஏறி ஓடினாள். வாத்தியாருக்கு மனசு நிறைந்துவிட்டது. மற்றவர்களுக்குத் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்தும் வராத வித்தை, இவளுக்கு முதல் போனிலேயே கைவந்துவிட்டது.

அவனுடைய கைபேசி அடித்தது. அம்மா.

“டேய், நீ வெச்ச பரீட்சையில நூத்துக்கு நூறு! இப்பத்தான் இன்சூரன்ஸ்ல இருந்து ஒரு பொண்ணு பேசினா. நான் விடுவேனா? நீ சொன்னதையெல்லாம் வெச்சு உரசிப் பார்த்தேன். இலவசம்னு வாயே திறக்கல. அவசரப்படுத்தல. கொஞ்சல, கெஞ்சல. ‘எனக்குக்கூடச் சொல்லாதீங்கம்மா’ன்னுட்டாடா! தங்கமான பொண்ணு. கல்யாணம்கூட ஆகலையாம்.”

“அம்மா… நீ என்ன சொன்னே?”

“அவ்வளவு நல்லவகிட்ட மறைக்க மனசு வருமா? கார்டு பத்திரமா இருக்கான்னு பார்த்துச் சொல்லும்மான்னு நானாத்தான் நம்பரைச் சொன்னேன்.”

ஊரில் உள்ள தந்திரங்களையெல்லாம் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தவன், சொந்தச் சரக்கை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தான்.

படியில் தடதடவென்று இறங்கி வந்தாள் புதுப் பெண், முகமெல்லாம் பல்லாக.

“சார், சார்! என் முதல் நம்பர்! அந்தம்மாவுக்கு ரெண்டு முழங்காலும் மாத்தினதா மாடியில பில் போட்டு அனுப்பியாச்சு. கார்டுல இந்த வருஷத்துக்கு இனி ஒண்ணும் மிச்சமில்லையாம்!”

அவன் கைபேசியைப் பொத்தினான். பொத்தியதில் பயனில்லை. மறுமுனையில் நகர்ந்துகொண்டிருந்த வாக்கரின் சத்தம் நின்றுபோயிருந்தது.

“பக்கத்துல யாருடா அது?” என்றாள் அம்மா.

அவன் புதுப் பெண்ணை வாயை மூடச் சொல்லிச் சைகை காட்டினான். அம்மா நிதானமாகக் கேட்டாள்:

“கார்டுக்குப் பின்னாடி இருக்கிற நம்பருக்கு நான் பேசட்டுமா, நீயே பேசறியா?”