வளர்த்திக்கு விட்ட மடிப்பு

ஜெமிமா டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை. சூலக்கரையில் நடக்கவிருந்த கண்காட்சிக்காக வீட்டில் கிடந்த பழைய சாமான்களாலேயே ஒரு பள்ளிக்கூடச் சிறுமியைச் செய்து முடித்திருந்தாள். தலைக்கு நெளிந்த தூக்குவாளி, விலா எலும்புக்குக் குடைக்கம்பி, உடம்புக்குத் தலையணைப் பஞ்சு, இரட்டைச் சடைக்கு மிளகாய் வற்றல் சாக்கைப் பிரித்தெடுத்த சணல். சீருடைப் பாவாடையைத் தைக்கும்போது கை வழக்கத்தில், வளர்கிற பிள்ளைக்கு விடுவதுபோல நாலு விரல் துணியை உள்ளே மடித்துத் தைத்துவிட்டாள். பொம்மை வளராது என்பது அப்புறம்தான் உறைத்தது. தனக்குள் சிரித்துக்கொண்டு அப்படியே விட்டுவிட்டாள்.

மறுவாரம் பாவாடை முழங்காலுக்கு மேலே நின்றது.

“துணி சுருங்கியிருக்கும்,” என்றான் கணவன் காலேப்.

“இன்னும் தண்ணியே காட்டலங்க! வளர்றா, பாருங்க!”

மடிப்பைப் பிரித்துவிட்டாள். சரியாக இருந்தது. அடுத்த வாரம் பாவாடை மறுபடியும் ஏறிவிட்டது. இப்போது பிரிப்பதற்கு மடிப்பும் இல்லை.

புதுத் துணி எடுத்துக்கொண்டு, சிறுமியை ஆட்டோவில் பக்கத்தில் உட்காரவைத்து, வழியெல்லாம் பேசிக்கொண்டே தையல்காரி பாண்டிலட்சுமியிடம் போனாள்.

“அளவுப் பாவாடை கொண்டாந்திருக்கீகளா டீச்சர்?”

“ஆளையே கூட்டியாந்துட்டேன்!”

பாண்டிலட்சுமி மிஷினை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. ஒரு கையால் துணியைப் பிடித்தபடி, மறு கையால் சிறுமியின் இடுப்பைச் சுற்றி அளவு நாடாவைப் போட்டு இழுத்தாள்.

“வயித்த எக்காத தாயி,” என்றாள். “மூச்ச விடு.”

அவள் விரல்களுக்கிடையே நாடா மெல்ல ஓர் அங்குலம் நழுவியது.