உப்பு ஏறிய ரீல்

இப்பல்லாம் மீன் பிடிக்கிறவன் எவனும் மீன் தின்பதில்லை.

பிடிக்கிறான். பச்சைப்பிள்ளையைப் போல ரெண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போட்டோ எடுக்கிறான். பிறகு தண்ணீரிலேயே விட்டுவிடுகிறான். விடுகிறவன் எதற்குப் பிடிக்க வேண்டும்? கேட்டால் விளையாட்டாம். விளையாட வருகிறாயா என்று அந்த மீனிடம் ஒரு வார்த்தை கேட்டானா?

தூண்டில் கடைக்குள் தொப்பி போட்ட ஒருவன் அப்படியொரு படத்தைத்தான் போனில் காட்டிக்கொண்டிருந்தான். முழங்கை நீளத்துக்கு ஒரு கொடுவா மீன். அதன் வாயில் முத்தம் வைத்திருந்தான்.

“ஏன், வீட்ல பொண்டாட்டி இல்லையா?” என்றார், பையோடு படியேறி வந்த பெரியவர்.

தொப்பிக்காரன் சிரித்தான். கடையை நடத்தும் ஜெசிந்தாவும் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

வலது கையால் பையை மேசைமேல் வைத்தார். இடது கையை வேட்டி மடிப்புக்குள் செருகியிருந்தார்.

“ரீல் வேணும். கரையில நின்னு கொடுவா பிடிக்க. பழசு உப்பேறி இறுகிப்போச்சு.”

நேற்றுச் சாயங்காலம் கழிமுகத்தில் மீன் கடித்தது. நல்ல கனம். கம்பு வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது. வலது கை கம்பைப் பிடித்துக்கொண்டது. இடது கையால் ரீலைச் சுற்ற வேண்டும்.

சுற்றவில்லை.

கைப்பிடி அப்படியே நின்றது. மீன் பாறையைச் சுற்றிப் போனது. நைலான் நரம்பு அறுந்தது.

உப்பு, என்று அங்கேயே முடிவு செய்தார். வேறென்ன?

இன்று காலையில் காப்பி டம்ளர் விழுந்தது. டம்ளர் சூடு. சட்டைப் பொத்தான் மாட்டவில்லை. தையல்காரன் ஓட்டையைச் சின்னதாக வெட்டியிருக்கிறான், அயோக்கியப் பயல்.

அந்தச் சட்டையைப் போன தீபாவளியிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறார்.

ஜெசிந்தா கறுப்பு ரீல் ஒன்றைக் கம்பில் மாட்டி நீட்டினாள்.

இடது கையை வெளியே எடுத்தார். வந்தது. விரல்கள் கைப்பிடியின் குமிழைச் சுற்றி மூடின. பாதி மூடின.

சுற்றினார். கால் வட்டம். அரை வட்டம்.

நின்றது.

“என்னம்மா இது, ஆட்டுக்கல்லு கணக்கா இருக்கு.”

“புதுசுல்லா பெரியப்பா. கொஞ்சம் டைட்டாத்தான் இருக்கும்.”

அடுத்தது நீலம். அதுவும் இறுக்கம். அதற்கடுத்ததை அவள் உள்ளேயிருந்து, பெட்டி பிரிக்காமல் கொண்டுவந்தாள். சுண்டுவிரல் பட்டால் ஓடும் என்றாள்.

ஓடவில்லை.

“எல்லாம் டூப்ளிகேட். ஆளைப் பார்த்து எடுத்துப் போடுத.”

குரல் உயர்ந்துவிட்டது அவருக்கே தெரிந்தது. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. முதுகில் வேர்வை இறங்கியது.

அண்ணனுக்கும் இப்படித்தான். முதலில் பொத்தான். அப்புறம் செருப்பு. நடக்கும்போது கழன்று பின்னால் கிடக்கும். கழன்றது அண்ணனுக்குத் தெரியாது. அப்புறம் ஒருநாள் விடிந்தபோது பேச்சில்லை. கண் மட்டும் மிச்சம். யார் உள்ளே வந்தாலும் கட்டிலிலிருந்து அவர்களையே பார்க்கும் கண்.

அந்த வாயோரத்தைத் துடைத்துவிட்டது இவர்தான். துடைக்கும்போது கண்ணைப் பார்க்காமலிருக்கப் பழகியிருந்தார்.

குனிந்து காலைப் பார்த்தார்.

ரெண்டு செருப்பும் இருந்தன.

நிமிர்ந்தபோது ஜெசிந்தா அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பைக் காணோம். அவர் கையை வேட்டிக்குள் கொண்டுபோனார். ஒரே தடவையில் போகவில்லை.

அவள் கை நீட்டி ரீலை வாங்கினாள். வலப்பக்கம் இருந்த சின்னத் திருகைக் கழற்றினாள். இடப்பக்கத்துக் கைப்பிடியை உருவி வலப்பக்கம் மாட்டினாள். கம்பைத் தானே பிடித்துக்கொண்டு அவர் பக்கம் திருப்பினாள்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வலது கை போய்விட்டது.

ஓடியது.

சத்தமில்லாமல், வெண்ணெயில் வழுக்குவது போல ஓடியது. அவர் கையை எடுத்த பிறகும் ஒரு சுற்று ஓடி நின்றது.

அதே ரீல்.

தொப்பிக்காரன் போனைச் சட்டைப்பையில் வைத்தான்.

“ரீல்ல ஒண்ணுமில்ல, பெரியப்பா.” ஜெசிந்தாவின் குரல் தாழ்ந்திருந்தது. “எதுத்தாப்புலதான் ஆஸ்பத்திரி. கடையை இவரு பாத்துக்கிடுவாரு. நான் கூட வாரேன்.”

எதிரே பச்சை போர்டு தெரிந்தது. அதன் கீழே ஸ்ட்ரெச்சர் ஒன்று வெயிலில் நின்றது. ஆளில்லாமல்.

அண்ணனையும் இப்படி யாரோ கூட வந்துதான் உள்ளே கொண்டுபோனார்கள். நடந்து போன மனுஷன். போகாமல் இருந்திருந்தால்?

“இதுவும் சரியில்ல” என்றார்.

பையை வலது கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். போர்டு இருந்த பக்கம் திரும்பவில்லை. சுவரை ஒட்டி வேறு திசையில் நடந்தார். நோய் என்று சொன்னால்தானே அவர்களுக்குப் பிழைப்பு. ரீல் விற்கிறவள் டாக்டராகிவிட்டாள்.

பை ஆடியது.

டிக். டிக். டிக்.

உள்ளே பழைய ரீல். அவர் எட்டு வைக்க வைக்க அதன் கைப்பிடி தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் தொடாமல். தடையில்லாமல்.

நின்றார். சத்தமும் நின்றது.

“உப்பு” என்றார், வாய்விட்டு. சொல் முழுசாக வந்ததா என்று காது கொடுத்தார். இன்னொரு முறை சொன்னார். வந்த மாதிரிதான் இருந்தது.

“பெரியப்பா!” பின்னாலிருந்து ஜெசிந்தா ஓடிவரும் சத்தம். “நில்லுங்க, பெரியப்பா!”

டிக். டிக். டிக்.

நடந்தார். குனிந்து காலைப் பார்க்கவில்லை.