சயாம் கல்லின் முன் சொன்ன பதில்

கிட்ட வாங்க கண்ணுகளா, கோலா பிலா பக்கத்துத் தோட்டத்தில் இந்த ஆடி அமாவாசையன்று நடந்ததைச் சொல்கிறேன்.

யுத்த காலத்தில் சயாம் நாட்டுக்கு ரயில் பாதை போடப் போய்த் திரும்பாதவர்களுக்கு அங்கே ஒரு நினைவுக்கல் உண்டு. ஆடி அமாவாசையில் அதன் முன் நின்று, தோட்டத்துக் காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் கூப்பிடுவதுபோல அவர்கள் பெயர்களை வாசிப்போம். யாரும் பதில் சொல்லக் கூடாது.

அன்று அங்கே மனைவியோடு வந்திருந்த முகுந்தன் கைப்பேசியில் பூதம் பிடித்துக்கொண்டிருந்தான். நாம் நடந்தால் திரையின் வரைபடத்தில் நம் பொம்மையும் நடக்கும் விளையாட்டு அது.

"செருப்பையாவது கழட்டுங்க, மானம் போகுது," என்றாள் அவன் மனைவி புஷ்பவள்ளி.

"பெரிய பூதமே இந்தக் கல்லுலதான் இருக்கு லா!"

எங்கள் தோட்டத்துச் செல்லம் தன் தாத்தாவின் பெயரை வாசித்தாள். "இராஜமாணிக்கம்!"

"வந்துட்டேன், ஐயா!" என்றான் முகுந்தன் வேடிக்கையாக.

முகுந்தனும் புஷ்பவள்ளியும் தெமியாங்கில் இருக்கும் தங்கள் வீட்டுக்குத் திரும்பியும், திரையில் பொம்மை மட்டும் அவனோடு வரவில்லை. மறுநாள் அது கோலாலம்பூரில் நின்றது. பிறகு ஈப்போ. பிறகு எல்லையோரப் பாடாங் பெசார். விளையாட்டை அழித்தும் திரையை விட்டுப் போகவில்லை.

முகுந்தன் கட்டிலை விட்டு எழுவதில்லை. ஆனாலும் நெடுந்தூரம் நடந்தவன்போல அவன் பாதமெல்லாம் கொப்புளம். புஷ்பவள்ளி தினமும் மஞ்சள் பூசுகிறாள்.

நேற்று பொம்மை சயாம் எல்லையைத் தாண்டியது. கட்டிலருகே உட்கார்ந்து, கைப்பேசியைப் பார்த்துத்தான் அவள் கெஞ்சுகிறாள்: "போதும், திரும்பி வாங்க."

உங்கள் வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டு நல்லா இருக்கணும், சாமிகளா.